என்னையக் கேளுங்க

அவளுக்குக் காது கேக்காதுங்க அக்கா. நீங்க எத்தனை தரம் நகரச் சொன்னாலும் அப்படியேதான் உக்காந்திருப்பா. கோவிச்சுக்காதீங்க. வாயும் பேசமாட்டா. அவகிட்ட என்ன கேக்கோணும்னாலும் என்னையக் கேளுங்க, நான் சொல்றனுங்க. சித்த இருங்க, தொடையில தட்டுனாத் திரும்புவா. இந்தா, நகர்ந்துட்டா பாருங்க. இப்ப உக்காருங்க.

என்ற மகதானுங்க. மேனகான்னு பேரு. பேரு வெச்சுக் கூப்பிட்டு என்ன பண்றது, அவளுக்கு அது தெரியவா போகுது? நாங்க திருப்பூருதானுங்க, பனியன் கம்பெனியில நூல் பிசிர் வெட்டறேன். அவங்கப்பா போய்ச் சேர்ந்து நெம்ப வருசமாச்சு. நீங்க காங்கேயமுங்களா? நாங்க அதுக்கு முன்னாலயே, படியூர் தாண்டி எறங்கிக்குவோமுங்க.

இல்லீங்க, இடையில வந்ததில்ல, பொறவியிலயே அப்படித்தான். காட்டாத டாக்டர் இல்ல, வேண்டாத சாமி இல்ல. பொறவு ஈரோட்டுப் பக்கம் இந்த மாதிரிப் புள்ளைகளுக்குன்னு ஒரு ஸ்கூலு, ஹாஸ்டல்ல சேத்துப்போட்டோம். அங்கதான் இந்தக் கை பாஷையெல்லாம் கத்துக்கிட்டது. லீவுக்கு ஊட்டுக்கு வந்தா என்றகிட்டயும் காட்டுவா. என்ற வெரலைப் புடிச்சுப் புடிச்சு மடக்குவா, இப்படி இப்படின்னு. வேலை கெடக்குது போடின்னு தட்டி உட்டுருவேன். பெத்தவளுக்கு எதுக்குங்க பாஷை? பசின்னா வயித்தைத் தொடுவா. தண்ணின்னா கட்டை வெரலைக் காட்டுவா. ஆஸ்பத்திரின்னா நான் கையில ஊசி குத்தற மாதிரி காட்டுவேன், புரிஞ்சுக்குவா. இத்தனை வருசமும் அதுலயே ஓட்டியாச்சு. அவ மூஞ்சியைப் பாத்தாலே எனக்குத் தெரிஞ்சுபோகும்.

பொறவு ஒரு பனியன் கம்பெனியில செக்கிங்ல சேந்தா. வேலையில ஒரு குத்தம் சொல்ல முடியாதுங்க. ஒரு சின்ன ஓட்டை, ஒரு எண்ணெய்க் கறை இருந்தாலும் அவ கண்ணுக்குத் தப்பாது. அங்க இவளை மாதிரியே வாய் பேசாததுக ஒரு கூட்டம், எல்லாம் ஒரே டேபிள். மத்தியானம் சோத்துப் போசியைத் தொறந்து வெச்சுட்டு, திங்கறதை உட்டுப்போட்டுக் கையைக் கையை ஆட்டிட்டு இருக்குமாம். சூப்பர்வைசர் என்றகிட்டச் சொல்லிச் சிரிப்பாரு, அம்மா அந்த டேபிள்ல சத்தமே இல்ல, ஆனா அதுதான் கம்பெனியிலயே பெரிய சந்தைன்னு.

சம்பளத்துல ஒரு போன் வாங்கினா. பேச முடியாதவளுக்குப் போன் எதுக்குன்னு நானும் நெனச்சேன். வாங்கின பொறவுதான் தெரியுது, மூஞ்சி பாத்துப் பேசறது. போனைச் சொம்பு மேல சாத்தி வெச்சுட்டு, எதிர்ல உக்காந்து கையாட்டிச் சிரிக்கறது. சோறு திங்கும்போதும் அதேதான். என்றகிட்ட வயித்தைத் தொட்டுக் காட்டறதோட சரி. அவியகூட மட்டும் மணிக்கணக்கா.

ஒரு ஞாயித்துக்கெழமைங்க. கோயமுத்தூர்ல வாய் பேசாதவிய சங்கத்துல என்னமோ கூட்டமாம், சொல்லாமப் போயிட்டா. சொல்லிப்போட்டுத்தான் போனான்னு அவகூட வேலை செய்யற சேத்தாளியோட அம்மா சொல்லுது. ஆமாங்க, காத்தால என்ற எதிர்ல நின்னு என்னமோ காட்டினா, இல்லைன்னு சொல்லலீங்க. நான் அடுப்புல நிக்கறேன், தோசை தீயுது, போ போன்னு கையைக் காட்டினேன். போயிட்டா. அன்னைக்கு ஊரெல்லாம் தேடி, நான் பட்ட பாடு அந்தச் சாமிக்குத்தான் தெரியும். பொழுது உழுந்து சிரிச்சுக்கிட்டே வர்றா. பளார்னு ஒண்ணு உட்டேன். போனைப் புடுங்கிப் பாத்தா, போட்டோவுல ஒரு பையன். அவனும் வாய் பேசாதவனாட்ட இருக்குது. ரெண்டும் பேசாததுக, ஒண்ணு சேந்து என்ன பண்றது? ராத்திரியில பொறந்த கொழந்தை அழுதா எந்திரிச்சுப் பாக்கறது யாரு? அந்த மட்டுல போனை வாங்கி வெச்சுக்கிட்டேன். கம்பெனியையும் நிறுத்திப்போட்டேன். நீங்களும் பொண்ணு பெத்தவிய, சொல்லுங்க, இது தப்புங்களா?

இந்தப் பையிலதானுங்க கெடக்குது அந்தப் போனு. என்ற பட்டன் போனு தண்ணிக் குடத்துல உழுந்துபோச்சு, அதுனால இதையே வெச்சுக்கிட்டேன். இன்னும் கூப்பிடுதுங்க அதுக. எடுத்து அலோ அலோங்கறேன், ஒருத்தரும் பேசறதில்ல. கையைக் கையை ஆட்டுதுக. ஒரு புள்ள கண்ணைத் தொடச்சுக்கிட்டே ஆட்டுது. என்ன வேணும், யாரு வேணும்னு நானும் கத்தறேன். பொறவு கட் பண்ணி உட்டுருவேன்.

அதுக்கு அப்பறந்தானுங்க இவளுக்கு இந்தச் சீக்கு வந்தது. எப்படி வந்துச்சுன்னே தெரியலீங்க. நல்லா இருந்த புள்ள. சோறு திங்கறதில்ல, தலை சீவறதில்ல. பீரோக் கண்ணாடி முன்னால நின்னு தனக்குத்தானே கையாட்டறா. ஆட்டிப்போட்டுச் சித்த நேரம் நின்னு பாப்பா, அங்கிருந்து பதில் வர்ற மாதிரி. பொறவு மறுக்கா ஆட்டுவா. பாக்கறதுக்கே பயமா இருக்குமுங்க. கண்ணாடி மேல ஒரு சீலையைப் போட்டு மூடினேன். அன்னைக்குப் பூராச் செவுத்தைப் பாத்துப் படுத்துக்கிட்டா. ரெண்டு நாள் கழிச்சு, எங்க லைன் ஊடுகளுக்குப் பின்னால இருக்கற பாழுங்கெணத்து ஓரத்துல போய் நின்னிருக்கா. பக்கத்தூட்டுப் பொம்பளைக கையைப் புடிச்சு இழுத்துட்டு வந்தாங்க. என்ன பண்ணப் போனேன்னு நான் கேக்கறேன், வாயில அடிச்சுக்கிட்டுக் கேக்கறேன். அவ என்ற வாயையே பாத்துட்டு நிக்கறா.

பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனனுங்க. மனசு டாக்டரு. நல்ல மனுசன். பாவம், வெளியில அத்தனை கூட்டம், அவரென்ன பண்ணுவாரு. மூஞ்சியில மாஸ்க் போட்டுட்டு, என்ன பண்ணுது உனக்குன்னு இவளைக் கேட்டாரு. கேக்காதுங்க சார்னேன். அப்படியான்னு போட்டு, இன்னும் சத்தமாக் கேட்டாரு. நான் சொன்னேன், சார், அவளுக்குப் பதிலா என்னையக் கேளுங்க, நான் எல்லாம் சொல்றேன். அவருக்கும் அதுதான் சௌரியமாப் போச்சு.

தூக்கம் வருதான்னாரு. இல்லீங்கன்னேன். கோவம் வருதான்னாரு. வருதுங்கன்னேன். பொறவு, சாகோணும்னு நெனப்பு வருதான்னு உங்க பொண்ணுகிட்டக் கேளுங்கம்மான்னாரு. அதை எப்படிங்க அக்கா கேக்கறது? பெத்தவ அதைக் கையில காட்டுவாளா? கழுத்துல கையை வெச்சுக் காட்டோணும். என்ற கை அதுக்கு எந்திரிக்கலீங்க. சாப்பிட்டயான்னு கேட்டேன். காத்தாலயிருந்து ஒண்ணுந் திங்கல அவ, இல்லைன்னு தலையாட்டினா. இல்லீங்களாமா சார்னேன். சரின்னு எழுதிக்கிட்டாரு.

தனியாப் பேசிக்கறாளான்னாரு. ஆமாங்க சார், கையாட்டிப் பேசறா, எதிர்ல ஆள் இருக்கற மாதிரின்னேன். யாரோ பதில் சொல்ற மாதிரியான்னாரு. அதேதானுங்க சார்னேன். கரெக்டாப் புடிச்சாரு பாத்தீங்களா. மாத்திரை எழுதிக் குடுத்தாரு.

அங்க ஒரு நர்சம்மா, நெம்ப நல்ல மனசு. ஒரு நம்பரைக் குடுத்து, மனசு சங்கடமா இருந்தா எந்நேரம்னாலும் இதுக்குக் கூப்பிட்டுப் பேசச் சொல்லுங்கன்னாங்க. நானும் ஒரு நாள் அடிச்சேன். அந்தப் பக்கம் ஒரு பொண்ணு, தேனாட்டப் பேசுச்சு. எம்பட மகளுக்குச் சரியில்லைன்னு அழுதேன். அவிய கையில போனைக் குடுங்கம்மான்னுச்சு. சரி, படிச்சவிய சொல்றாங்கன்னு இவ காதுல வெச்சேன். இவளும் வெச்சபடி உக்காந்திருந்தா. அந்தப் பொண்ணு பாவம் பேசிக்கிட்டே இருக்குது, நீங்க எவ்வளவு நேரம்னாலும் அமைதியா இருங்க, நான் காத்திருக்கறேன்னு சொல்லுது. சிரிக்கறதா அழுகறதான்னு தெரியலீங்க எனக்கு.

மாத்திரை வேலை செஞ்சுதுங்க. கண்ணாடி கிட்டப் போறது நின்னுபோச்சு. பகலெல்லாம் தூக்கம், எச்சி ஒழுகும், நான் தொடச்சு உடுவேன். கையெல்லாம் வெறைச்சுக்கிட்டு நடுங்கும். என்னமோ காட்ட வருவா, வெரலு நிக்காம ஆடும், பாதியில உட்டுப்போட்டுக் கையை மடியில வெச்சுக்குவா. பரவால்லையே, அமைதியாயிட்டான்னு எல்லாருஞ் சொன்னாங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன்.

பொறவு ஆஸ்பத்திரியில புதுசா ஒரு டாக்டரம்மா வந்துச்சு. சின்னப் புள்ள, இவளை உடக் கொஞ்சம் பெரிசு இருக்கும். நான் பாட்டுக்கு ஒப்பிச்சேன். அது என்னையப் பாக்காம இவளையே பாத்துட்டு இருந்துச்சு. கடைசியில, அம்மா, நீங்க சொல்றதெல்லாம் சரி, ஆனா இவங்க சொல்றதை நான் ஒண்ணுகூடக் கேக்கலையேன்னுச்சு. எங்கெங்கயோ போன் பண்ணி, அடுத்த தரம் வரும்போது சைகை பாஷை தெரிஞ்ச ஒரு பொண்ணை வரவெச்சிருந்துச்சு. சேலத்துப் பக்கமிருந்து பஸ் ஏறி வந்துதாம் அது.

இப்பச் சொல்றேன் கேளுங்க என்ற வயித்தெரிச்சலை. அந்தப் பொண்ணு, நேத்துப் பொறந்தது, பெத்தவ என்னையப் பாத்து, அம்மா கொஞ்சம் வெளியில இருங்கங்குது. நான் எதுக்கு வெளியில போறேன்? அவளுக்கு என்னைய உட்டா யாரைத் தெரியும்? டாக்டரம்மாவும் போங்கன்னுட்டுச்சு. இருபத்தாறு வருசம் இடுப்புல சுமக்காத கொறையாச் சுமந்தவளை வாசல்ல நிறுத்திப்போட்டு, யாரோ ஒருத்தி உள்ள என்ற மகளோட பேசறா.

கதவுல ஒரு கண்ணாடி இருந்துச்சுங்க. பாத்துட்டே நின்னேன். மொதல்ல இவ கை எந்திரிக்கவே இல்ல. அந்தப் பொண்ணு என்னமோ காட்டுது, சும்மா இருக்குது, மறுக்காக் காட்டுது. இவ மெதுவாக் கையைத் தூக்கினா. நடுங்குது. இடது கையில வலது கையைப் புடிச்சுக்கிட்டுக் காட்டறா. அந்தப் பொண்ணு அவசரப்படாம உக்காந்திருந்துச்சு. பொறவு பாத்தா, நிறுத்தவே இல்லீங்க இவ. அப்படி ஒரு வேகம். இடையில ஒருக்காச் சிரிச்சா. பொறவு அழுதா பாருங்க. ஓன்னு சத்தம் போட்டு. அவ அழுகற சத்தமே எனக்கு மறந்துபோயிருந்துச்சு அக்கா. வெளியில நின்னு நானும் அழுதேன். எதுக்கு அழுகறான்னு தெரியாமலே அழுதேன்.

என்னத்தைச் சொல்லியிருப்பான்னு இன்னைக்கு வரைக்கும் யோசிக்கறேன். என்றகிட்டச் சொல்லாததை அந்தப் பொண்ணுகிட்ட என்ன சொன்னா? என்னையப் பத்தித்தான் சொல்லியிருப்பா. வேற என்ன இருக்குது அவளுக்குச் சொல்றதுக்கு?

டாக்டரம்மா என்னையக் கூப்பிட்டு உக்கார வெச்சு, உங்க பொண்ணுக்கு நீங்க நெனக்கற சீக்கு இல்லம்மா, பேச ஆள் இல்லாம தவிச்சுப்போயிருக்குதுன்னுச்சு. கண்ணாடியைப் பாத்துக் கையாட்டறது நாம முணுமுணுக்கற மாதிரிதானாம். மாத்திரையைப் பாதியாக் கொறைச்சுச்சு. போனைக் குடுத்துருங்க, வேலைக்கு அனுப்பி உடுங்க, மாசாமாசம் இந்தப் பொண்ணு வரும்போது கூட்டிட்டு வாங்கன்னுச்சு. அந்தப் பொண்ணு என்ற கையைப் புடிச்சுக்கிட்டு, நீங்களும் கத்துக்கலாம்மா, நான் சொல்லித் தர்றேன்னுச்சு. எனக்கு இந்த வயசுல வெரலு மடங்குமுங்களா? சிரிச்சுப்போட்டு வந்துட்டேன். போனுங் குடுக்கோணும்னுதான் இருந்தேன். கொஞ்சம் தேறட்டும், பொறவு குடுக்கலாம்னு. குடுத்தா அந்தப் பையன் இருக்கறானே அதுல.

அடுத்த மாசம் போனோம். எப்பவும் இல்லாம இவளே தலை சீவிப் பூ வெச்சுக்கிட்டா. அந்தப் பொண்ணு வரலீங்க. மூணு மாவட்டத்துக்கு அது ஒண்ணுதானாம், வேற ஊர்ல கோர்ட்டு வேலையாம். அதுக்கடுத்த மாசமும் வரல. வர்றதுக்குப் பணம் ஒதுக்கலையாமா, டாக்டரம்மா எழுதிப் போட்டிருக்குதாமா. அதுக்கடுத்துப் போனா அந்த டாக்டரம்மாவே இல்ல. மாத்திப்போட்டாங்க.

அன்னைக்குத்தானுங்க ஆகாதது ஆயிப்போச்சு. இவ ஒவ்வொரு ரூமாப் போய் எட்டிப் பாக்கறா. கதவைத் தட்டறா. எங்கயும் காணலைன்னதும் தலையைக் கொண்டுபோய்ச் செவுத்துல மோதிக்கிட்டா. புடிக்க வந்தவியளைத் தள்ளி உட்டா. நாலு பேர் புடிச்சுக் கட்டல்ல போட்டுக் கையை ரெண்டையும் துணியில கட்டிப்போட்டாங்க. காலைக் கட்டினாலும் பரவால்ல, ஓடறவ கால்லதானே ஓடறா. கையைக் கட்டினதும் அவ வாயிலிருந்து ஒரு சத்தம் வந்துச்சு பாருங்க, நான் காதைப் பொத்திக்கிட்டேன். பழைய டாக்டரு என்னையத்தான் கேட்டாரு, என்னம்மா ஆச்சுன்னு. நான் என்னத்தைச் சொல்வேன், முத்திப்போச்சுங்க சார்னேன். மாத்திரையைக் கூட்டிப்போட்டாரு.

அதுக்கு மேல என்னால ஆகலீங்க. நான் கம்பெனிக்குப் போகாட்டி அடுப்பெரியாது. இவளை உள்ள உட்டு வெளியில பூட்டிட்டுப் போறேன். கத்திரி புடிக்கற கைக்கு வேலையில கவனம் இல்ல. கெணறுதான் கண்ணுக்குள்ள நிக்குது. நான் இன்னைக்கோ நாளைக்கோ. எனக்குப் பொறவு யாருங்க இவளுக்கு? என்ற தம்பிதான் சொன்னான், படியூர் தாண்டி ஒரு ஹோம் இருக்குதுன்னு. போய்ப் பாத்துட்டும் வந்தோம். சுத்தமாத்தான் இருக்குது. உங்க மகளாட்ட நெறையப் பேரு இருக்கறாங்கம்மான்னாரு அங்க இருக்கற பெரியவரு. வாய் பேசாதவியளான்னு கேட்டேன். இல்லம்மா, புத்தி சரியில்லாதவியன்னாரு. இந்தக் கை பாஷை தெரிஞ்சவிய யாராச்சும் இருக்கறாங்களான்னு கேட்டேன், என்னமோ கேக்கத் தோணுச்சு. போகப் போகப் பழகிக்குவாங்கம்மான்னாரு. தம்பி அங்க ஸ்டாப்புல வந்து நிக்கறேன்னிருக்கறான்.

இவளுக்கு எப்படிச் சொல்றதுன்னுதான் நேத்தெல்லாம் யோசிச்சனுங்க. எனக்குத் தெரிஞ்ச சைகையில ஹோமுக்கு ஒண்ணும் இல்லீங்களே. காத்தால துணியைப் பையில எடுத்து வெச்சேன். பாத்துட்டா. கிட்ட வந்து, மூக்குல வெரலை வெச்சுக் காட்டினா. அந்தச் சேலத்துப் பொண்ணு மூக்குத்தி போட்டிருக்குமுங்க. அவகிட்டயான்னு கேக்கறா. புருவத்தைத் தூக்கிட்டு, என்ற மூஞ்சியையே பாத்துட்டு நிக்கறா. நான் ஆமான்னு தலையாட்டினேன். இல்லைன்னா பஸ்சே ஏறமாட்டாளே அக்கா. வேற என்ன பண்ணட்டும் நானு?

அப்படி ஒரு ஓட்டம் ஓடினாளுங்க. தானே தண்ணி மோந்து தலைக்கு ஊத்திக்கிட்டா. இந்தச் சுடிதாரைத் தேடி எடுத்துப் போட்டுக்கிட்டா. மாத்திரையைக் குடுத்தேன், வாயில போட்டுட்டுத் திரும்பிப்போய் ஜன்னல் வழியாத் துப்பிப்போட்டா. நான் பாக்கலைன்னு நெனச்சுக்கிட்டா. மாத்திரை போட்டாக் கை நடுங்குமே, அதுக்கு. நானும் பாக்காத மாதிரி இருந்துட்டேன்.

அவ மடியைப் பாருங்க. தெரியாத மாதிரிப் பாருங்க. வெரலு ஆடுதா? பஸ் ஏறினதுல இருந்து அப்படித்தான். கொஞ்சம் ஆட்டறா, நிறுத்தறா, மறுக்கா மொதல்ல இருந்து. அங்க போனதும் சொல்றதுக்கு இப்பவே சொல்லிப் பாத்துக்கறாளாட்ட இருக்குது. இத்தனை மாசமாச் சொல்லாம உட்டதையெல்லாம் ஒண்ணுகூட மறந்துறக் கூடாதுன்னு.

என்னங்க, எதுக்கு அழுகறீங்க? அழுகாதீங்கக்கா. அவ பாத்தா என்னமோன்னு நெனச்சுக்குவா.

ஸ்டாப்பு வந்துருச்சாட்ட இருக்குதுங்க. அதா, தம்பி நிக்கறான். கண்டக்டரு, சித்த நிறுத்துங்க! அந்தப் பையை இந்தப் பக்கம் எடுத்துக் குடுங்கக்கா. இவளைக் கையைப் புடிச்சு எறக்கோணும், படிக்கட்டுல தடுமாறுவா. எங்க அவ? ஏனுங்க கண்டக்டரு, விசில் ஊதிப்போடாதீங்க, நான் இன்னும் எறங்கலீங்க. புள்ள எனக்கு முன்னாலயே எறங்கிட்டா.